யோகராணி ரீச்சர் நிறுத்திய சாப்பாடு

யோகராணி ரீச்சர் காலமான செய்தி எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் சுன்னாகம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். பாடசாலை அதிபர் போட்டிருந்த படத்தில் ரீச்சரின் முகத்துக்குக் கீழே ஒரு மெழுகுதிரி எரிந்தது. நான் வாசித்து முடிக்குமுன்னரே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழத் தொடங்கின. ஒருவர் எழுதிய அனுதாபத்தை மற்றவர்கள் பிரதிபண்ணி ஒட்டினார்கள். ஒருவர் அவசரத்தில் பிறந்தநாள் கேக்கின் படத்தைப் போட்டுவிட்டு, பிறகு அழித்தார்.

உயிரோடு இருந்தபோது ரீச்சரும் அதே குழுவில் பலமுறை எழுதியிருக்கிறார்கள். "விசேட கல்வி அலகின் கழிப்பறைக் கதவு உடைந்து கிடக்கிறது, பெரிய பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், தயவுசெய்து கவனிக்கவும்" என்று எழுதினார்கள். அதற்கு ஒரு கூப்பிய கைகூட வந்ததில்லை.

மறுநாள் காலையில் பாடசாலை வாசலில் பதாகை கட்டப்பட்டிருந்தது. "சிறப்புப் பிஞ்சுகளின் தெய்வத்தாயே" என்று அதில் எழுதியிருந்தது. பதாகையில் ரீச்சரின் படத்தைவிட அதைக் கட்டியவர்களின் பெயர்கள் அதிக இடம் பிடித்திருந்தன. ரீச்சரை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். பிஞ்சுகள் என்ற சொல்லை அவர் தன் அறைக்குள் விட்டதில்லை. ஒருமுறை பேச வந்த ஒரு பெரியவர் அப்படிச் சொன்னபோது ரீச்சர் இடைமறித்தார்கள்.

"பிஞ்சு எண்டால் கத்தரிப் பிஞ்சு, ஐயா. உவன் நிரூபன்ரை மீசையை ஒருக்கால் பாருங்கோ."

அந்த அறையில் படித்த நிரூபன் மீசையைத் தடவிக் காட்டினான். பெரியவர் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்காக என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். "கொஞ்சம் காரமாயிருக்கு, பிள்ளை" என்று திருப்பித் தந்துவிட்டு, அந்தப் பக்கத்தில் ஒரு விளக்கின் படத்தைப் போட்டார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன். காரத்தைக் குறைக்கவில்லை.

நான் வடமராட்சிக் கரையைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அப்பாவுக்குக் காற்றும் நீரோட்டமும் தெரியும். நான் புவியியல் படித்துப் பட்டம் பெற்றேன். நியமனம் கிடைத்து இந்தப் பாடசாலைக்கு வந்தபோது புவியியலுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. அதிபர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீர் நல்ல அமைதியான ஆள், பிள்ளை. உந்தப் பிள்ளையளுக்கு அமைதிதான் தேவை" என்று சொல்லி, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் படிக்கும் விசேட கல்வி அலகுக்கு அனுப்பினார். மறுப்புச் சொல்லத் தெரியாதவர்களைத்தான் அந்த அறைக்கு அனுப்புவது அங்கே வழக்கம் என்பதைப் பிறகு அறிந்தேன்.

அலகு, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. முன்பு விளையாட்டுச் சாமான்கள் வைத்த களஞ்சிய அறை. மற்ற வகுப்புகளின் சுவர்களில் பெருக்கல் வாய்பாடும் இலங்கைப் படமும் இருக்க, எங்கள் சுவரில் மட்டும் சிரிக்கும் முயல்கள். வாசலில் ரீச்சர் நின்றார்கள். மெலிந்த, உயரமான, புருவம் நெரித்த பெண்மணி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

"என்ன பாடம்?"

"புவியியல், ரீச்சர்."

"நல்லது. இந்தப் பள்ளிக்கூட வரைபடத்திலை இந்த அறை எங்கை இருக்கெண்டு கண்டுபிடிச்சுச் சொல்லும் பாப்பம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "அமைதியான ஆள் எண்டு சொல்லிப்போட்டு அனுப்பினவராக்கும். இஞ்சை அமைதி தேவைக்கு மேலை கிடக்கு. நான் சத்தம் போடுற ஆள் ஒண்டைத்தான் கேட்டனான்" என்றார்கள்.

அவரை இனிமையானவர் என்று நான் எழுதினால் அது பதாகைக்காரர்களின் வேலையாகிவிடும். அவர் இனிமையானவர் அல்லர். கடன்வாங்கிய பேனையைத் திருப்பித் தரமாட்டார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. "பட்டதாரி" என்றுதான் கூப்பிடுவார். கலியாண வீடுகளுக்குப் போகமாட்டார். ஆனால் பதினான்கு பிள்ளைகளில் யாருக்கு எந்தப் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும், யாருக்கு எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தால் தெரியும், யார் கோபத்தில் கடிக்கிறான், யார் பயத்தில் கடிக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். மற்றக் கட்டடத்து ஆசிரியர்களுக்கு அந்தப் பிள்ளைகளின் பெயர்களே தெரியாது. "அங்காலைப் பிள்ளையள்" என்பார்கள்.

ஆனால் சாப்பாடு வரும் நேரத்தில் மட்டும் அங்காலைப் பிள்ளைகளை எல்லோரும் தேடி வருவார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டில் ஏதாவது நடந்தால், பிறந்தநாளோ திவசமோ புதுவீடு குடிபுகுதலோ, ஊரில் ஒரு விசேட கல்வி அலகுக்கோ இல்லத்துக்கோ சாப்பாடு கொடுப்பார்கள். பத்து மணிபோல வான் வரும். சோறு, கறிகள், வடை, பாயாசம், ஐஸ்கிறீம். கூடவே உருட்டிய பதாகை ஒன்று. பிள்ளைகள் பாடத்தை நிறுத்திவிட்டுக் கை கழுவி, பாயில் வரிசையாக இருக்கவேண்டும். பிறந்தநாள் என்றால் தொலைபேசியைப் பார்த்துப் பாட்டுப் பாடவேண்டும். திவசம் என்றால், கண்டறியாத ஒருவரின் ஆத்ம சாந்திக்காகக் கைகூப்பிக் கண்ணை மூடவேண்டும். படம் எடுத்து முடியும்வரை சோற்றில் கைவைக்கக்கூடாது. கறி ஆறினாலும் பரவாயில்லை. வெளிச்சம் சரியாக விழவேண்டும். மிஞ்சும் பார்சல்களுக்காக மற்றக் கட்டடத்து ஆசிரியர்கள் அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கம் அன்போடு வருவார்கள். ஒருவரும் வெறுங்கையோடு போனதில்லை.

நான் போன புதிதில் இது கிழமைக்கு இரண்டு நாளாவது நடந்தது. ரீச்சர் அதை விரும்பவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. கதவோரம் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பார்வையை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. வீட்டுக்குள் செருப்போடு வந்த ஆளைப் பார்ப்பதுபோல இருக்கும்.

அப்போது டிலானி எங்கள் அறையில் இருந்தாள். உடுவில் பக்கம். தகப்பன் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். டிலானிக்கு இடது கை விறைப்பு. பேச்சு மெதுவாகவும், குரல் எப்போதும் உரத்தும் வரும். குரலைத் தணித்துப் பேச அவளால் முடியாது. கணக்கில் மட்டும் பிடிவாதம். ஒரு கணக்கைப் பிடித்தால் முடியும்வரை விடமாட்டாள். ரீச்சர் அவளை ஆறாம் வகுப்பின் கணிதப் பாடத்துக்கு அனுப்ப முடிவுசெய்து, கணித ஆசிரியர் கேதீஸ் சேரிடம் போனார்கள். நானும் பின்னால் நின்றேன்.

"ரீச்சர், உங்கடை பிள்ளை வந்திருந்தால் மற்றப் பிள்ளையளின்ரை கவனம் கலையுமெல்லே?" என்றார் கேதீஸ் சேர்.

"உங்கடை வகுப்பிலை கவனம் இருக்கெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன், சேர்."

ஆசிரியர் அறையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அவர் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். டிலானி போனாள். பின்வரிசையில் அவளுக்கு ஒரு மேசை கிடைத்தது. கூட்டல் கணக்குகளை மற்றவர்களுக்குப் பிந்தி, ஆனால் சரியாகச் செய்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளை, டிலானி கோடு போடும்போது அடிமட்டத்தைப் பிடித்துக்கொள்ளப் பழகினாள். யாருடைய கவனமும் கலையவில்லை.

ஒருநாள் பாட நடுவில் வாசலுக்குள் ஒரு வான் வந்தது. வலயக் கல்வி அலுவலகத்து வான். அதிகாரிகள் வேறு அலுவலாக வந்திருந்தார்கள். பின்வரிசையில் இருந்து அதைக் கண்ட டிலானி, செய்துகொண்டிருந்த கணக்கைப் பாதியில் விட்டு எழும்பினாள். ஒருவரையும் கேட்காமல் வெளியே வந்து குழாயில் கை கழுவினாள். அலகின் விறாந்தைக்கு வந்து, சப்பாணி கட்டி இருந்து, விறைத்த கையையும் மற்றக் கையால் இழுத்துக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டாள். பாய்கூட விரித்திருக்கவில்லை.

ஆறாம் வகுப்பு ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்தது. கேதீஸ் சேர் வெளியே வந்து, "பாத்தீங்களே ரீச்சர்? உதுக்குச் சாப்பாட்டு நினைப்புத்தான்" என்றார்.

ரீச்சர் டிலானியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்கள்.

"இல்லை, சேர். நாங்கள் படிப்பிச்சதை அவள் வடிவாப் படிச்சிருக்கிறாள். நாங்கள் படிப்பிச்சதுதான் பிழை."

அன்று மத்தியானமே அதிபரிடம் போய், பாட நேரத்தில் இனிச் சாப்பாடு கொடுப்பதற்கு வான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதன்பிறகு நடந்த அமளியை எழுத இந்த இடம் போதாது. சாப்பாடு கொடுப்பவர்கள்தான் பாடசாலைக்கு மின்விசிறி தந்தார்கள், தண்ணீர்த் தாங்கி தந்தார்கள், அதிபரின் அறைக்குச் சாய்வுக் கதிரையும் தந்தார்கள். மின்விசிறிகளில் ஒன்றுகூட எங்கள் அறைக்கு வரவில்லை. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர், தன் மகனின் பிறந்தநாள் சாப்பாடு திருப்பி அனுப்பப்பட்டதற்காக நேரே அலகுக்கு வந்தார். கையில் வீடியோ எடுக்கும் தொலைபேசி.

"ரீச்சர், நாங்கள் இந்தப் பிள்ளையளிலை பாவப்பட்டுத்தானே செய்யிறம்?"

"உங்கடை மகன் எத்தினையாம் வகுப்பு, தம்பி?"

"நாலு."

"அவன்ரை வகுப்புப் பிள்ளையளுக்கு அங்கையே பத்து மணிக்கு வானிலை சோறு கொண்டுபோய்க் குடுக்கலாமே?"

அவர் சிரித்தார். "ஐயோ ரீச்சர், அங்கை உள்ளுக்கே விடமாட்டாங்கள். அது படிக்கிற நேரமெல்லே."

"அங்கை படிக்கிற நேரம்," என்றார்கள் ரீச்சர். "இஞ்சை?"

அவர் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். வீடியோவில் அந்தக் கேள்வி பதிவாகியிருந்தால் அதை எவருக்கும் அனுப்பியிருக்கமாட்டார்.

பெற்றோரும் வந்தார்கள். அதை மறைக்கக்கூடாது. ஒரு தாய் ரீச்சரின் முகத்துக்கு நேரே, "உங்களுக்கென்ன, நீங்கள் வீட்டை போய்ச் சாப்பிடுவியள். என்ரை பிள்ளை ஐஸ்கிறீமை அண்டைக்குத்தான் காணுறவன்" என்றார். அந்தத் தாயோடு ரீச்சர் வாதாடவில்லை. சாப்பாடு தர விரும்புகிறவர்கள் பாடசாலை விட்டபிறகு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், படம் எடுக்காமல் கொடுக்கவேண்டும் என்று எல்லோருக்கும் அறிவித்தார்கள். "படம் எடுக்காமல்" என்ற இரண்டு சொற்களோடு எங்கள் சமூகத்தின் தர்மம் முழுவதும் வற்றிப்போனது. ஒரு பார்சல்கூட ஒரு வீட்டுக்கும் போகவில்லை. அந்தத் தாயும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு ரீச்சரிடம் வந்து கோபப்படவில்லை.

டிலானியைக் கேதீஸ் சேர் உடனே திருப்பியனுப்பப் பார்த்தார். ரீச்சர் விடவில்லை. கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. ஆண்டிறுதிக் கணிதப் பரீட்சையை மற்றப் பிள்ளைகளோடு இருந்து, பாதியில் எழும்பாமல் முழு நேரமும் எழுதினால் டிலானி அந்த வகுப்போடு ஏழாம் வகுப்புக்குப் போகலாம். எழும்பினால் களஞ்சிய அறைக்குத் திரும்பவேண்டும், அதற்குப் பிறகு பேச்சில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. அவர்கள் எழும்பித் தண்ணீர் குடிக்கலாம்.

ரீச்சர் முதலில் செய்தது டிலானியின் மேசையை மாற்றியதுதான். பின்வரிசையிலிருந்து எடுத்து, வாசல் நன்றாகத் தெரியும் ஜன்னலோரம் போட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"வான் வந்தால் தெரியுமே, ரீச்சர்? மற்றப் பக்கம் போடுவமோ?"

"வான் வரும், பட்டதாரி. இந்த ஊரிலை வான் வராமல் விடாது. பாக்கட்டும். பாத்துப்போட்டு இருக்கட்டும்."

ஒவ்வொரு நாளும் ஒரே சொல்தான். "முடிச்சிட்டு எழும்பு." வெங்காய லொறி போகும்போதும், ஐஸ்கிறீம்காரனின் மணி கேட்கும்போதும், "முடிச்சிட்டு எழும்பு." டிலானி முடித்த கணக்கைக் கொண்டுவந்து ரீச்சரின் முகத்துக்கு நேரே நீட்டி, "முடிச்சிட்டன்" என்று கத்துவாள். ரீச்சர் பார்த்து, சரியென்றால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார்கள். அதுதான் அவருடைய பாராட்டு.

தன் உடல் வருத்தத்தை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. லீவு எடுத்தபோதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் இன்னும் மெலிந்து, ஆனால் அதே புருவ நெரிப்போடு படுத்திருந்தார்கள்.

"டிலானி பின்னம் செய்யிறாளோ?"

"ஓம், ரீச்சர். கீழெண் ஒரே மாதிரி இருந்தால் கூட்டுறாள்."

"இல்லாட்டி?"

"இன்னும் வரேல்லை."

"அப்ப இஞ்சை வந்து என்னத்துக்கு நிக்கிறீர்? போம்."

போனேன். அதுவே கடைசிச் சந்திப்பு.

இனி அஞ்சலிகளைப் பற்றி. பாடசாலையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அதிபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரீச்சர் அந்தப் பிள்ளையளுக்குச் சோறூட்டிய தாய்" என்றார். சோற்றை நிறுத்தியவர் ரீச்சர்தான் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தலையாட்டினார்கள். கேதீஸ் சேர், "நானும் ரீச்சரும் சேர்ந்துதான் சேர்த்துப் படிப்பிக்கிற முறையைத் தொடங்கினனாங்கள்" என்றார். அதற்கும் தலையாட்டினார்கள். பிறகு லண்டனிலிருந்து வந்திருந்த ரீச்சரின் தம்பியாரை மேடைக்கு அழைத்தார்கள். அந்தியேட்டி முடிந்த மறுநாள், அக்காவின் நினைவாக, அக்கா நேசித்த பிள்ளைகளுக்குப் பத்து மணிக்கு விசேட மதியச் சாப்பாடு தரப்போவதாக அவர் அறிவித்தார். கைதட்டினார்கள்.

அந்த நாள் ஆறாம் வகுப்பின் கணிதப் பரீட்சை நாள். நான் அதிபரின் அறைக்குப் போனேன். சாய்வுக் கதிரைக்கு முன்னால் நின்றேன்.

"சேர், அண்டைக்குக் கணிதச் சோதினை."

"அது மற்றப் பிள்ளையளுக்குத்தானே, பிள்ளை?"

"டிலானிக்கும், சேர்."

"ஒரு பிள்ளை. ரீச்சரின்ரை ஆத்மா சாந்தியடைய வேண்டாமோ?"

தம்பியாரிடமும் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். "இப்ப ஓடர் குடுத்திட்டன், தங்கச்சி" என்றார்.

அந்த நாள் வந்தது. ஆறாம் வகுப்பு மண்டபத்தில் இருந்தது. டிலானியின் மேசையை ரீச்சர் போட்டதுபோலவே ஜன்னலோரம் போட்டேன். உதவிக்கு நிற்க எனக்கு அனுமதி இருந்தது. பேச அனுமதி இல்லை. பத்து மணிக்கு வான் வாசலுக்குள் வந்தது. சோற்று அண்டாக்கள் இறங்கின. பதாகை விரிந்தது. விறாந்தையில் ஒரு கதிரை வைத்து அதில் ரீச்சரின் படத்தை மாலையோடு சாத்தினார்கள்.

டிலானி எல்லாவற்றையும் பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். குழாய் இருக்கும் பக்கம் தலை திரும்பியது. பிறகு அவள் பென்சிலைத் திரும்ப எடுத்தாள்.

அது போதவில்லை. அதிபர் ஒரு மாணவ தலைவியை அனுப்பினார். அவள் மண்டப வாசலில் நின்று, "சேர், விசேட பிள்ளையை வரட்டாம். படம் எடுக்கப் போகினமாம்" என்றாள். கேதீஸ் சேர் என் பக்கம் பார்த்துச் சிரித்தார். உடன்பாடு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"போ, பிள்ளை. போய்ச் சாப்பிடு."

நான் வாயைத் திறந்தேன். நான் எப்போதும்போலத்தான், சத்தம் வரவில்லை. டிலானி விறைத்த கையை வினாத்தாளின்மேல் தூக்கிப் போட்டு அழுத்திக்கொண்டாள். அவளால் தணிக்க முடியாத அந்தக் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. விறாந்தையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"முடிக்கேல்லை!"

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அடிமட்டம் பிடிக்கும் பிள்ளை மட்டும் திரும்பி, "அவள் முடிக்கேல்லையாம், சேர்" என்றாள், அவருக்குக் காது கேட்காதது போல.

மணி அடிக்கும்வரை டிலானி இருந்தாள். கீழெண் வேறான பின்னக் கணக்கில் பிழைவிட்டாள். அந்தக் கணக்கில் பாதி வகுப்பு பிழைவிட்டது. பிறகு ஏழாம் வகுப்புப் பெயர்களைக் கேதீஸ் சேர் எழுதியபோது டிலானியின் பெயரும் அதில் இருந்தது. எழுதாமல் விட அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஆனால் இது அன்றைக்குப் பிந்திய கதை. அன்று மணி அடித்ததும் டிலானி வினாத்தாளை எடுத்துக்கொண்டு நேரே அலகின் விறாந்தைக்குப் போனாள். மற்றப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மற்றக் கட்டடத்து ஆசிரியர்கள் பார்சல்களோடு நின்றார்கள். படத்தில் ரீச்சர் அவர்களை எல்லாம் புருவம் நெரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலை அந்தப் பார்வையை மறைக்கவில்லை. டிலானி வினாத்தாளைப் படத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"முடிச்சிட்டன்!"

தம்பியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாகத் தொலைபேசியை எடுத்தார். "தங்கச்சி, அப்பிடியே, அப்பிடியே ஒருக்கால் நில்லுங்கோ. அக்காக்கு நீட்டினமாதிரித் திரும்ப ஒருக்கால் நீட்டுங்கோ."

டிலானி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். யாருடைய பார்வை அது என்று எனக்குத் தெரியும்.

"அடுத்த பாடம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ரீச்சர், நீங்கள் கேட்ட சத்தம் போடுகிற ஆள் நான் அல்ல. அந்த ஆள் முதலிலிருந்தே உங்கள் அறையில்தான் இருந்தாள். போயிட்டு வாங்கோ.